1945–48 வரவுசெலவுப் புத்தகம்: திருகோணமலைக் கடற்படைத்தளச் செலவு எங்கே?

உவர்மலையான்

1940களின் திருகோணமலை பற்றிய ஒரு தொகுப்புக்காக இலங்கை அரசாங்கத்தின் 1945–46, 1946–47 மதிப்பீட்டுப் புத்தகங்களைப் பார்த்து வருகிறேன். மூன்று இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள், விமானத்தளம், கடற்படைப் பட்டறை என்று இத்தனை இருந்த ஊருக்கு அந்தப் புத்தகத்தில் தளச் செலவென்று ஒரு வரிகூட இல்லையே, ஏன்? போர் முடிந்து படைகள் கிளம்பிய பிறகும் அரசாங்கத்தின் வருமானம் விழவில்லை, அது எப்படி? அரிசி மானியத்துக்கு மதிப்பீட்டில் ஒரு தொகை, பிறகு வந்த கணக்கில் வேறொரு தொகை. எதை எடுப்பது?

பழைய கச்சேரி

தம்பி, முதல் கேள்விக்கு விடை: அது இலங்கையின் செலவே இல்லை. துறைமுகத் தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் அட்மிரல்டியின், அதாவது பிரித்தானியக் கடற்படை அமைச்சின் கணக்கு. சீனன்குடா விமானத்தளம் பிரித்தானிய விமானப்படைக் கணக்கு. தரைப்படைக்கு வார் ஆபீஸ், அதாவது லண்டன் போர் அமைச்சு. மூன்றுக்கும் பணம் ஒதுக்கியது லண்டன் பாராளுமன்றம். கொழும்பில் இருந்த அரசாங்க சபைக்கு அதில் ஒரு சதத்தைக் கூட்டவோ குறைக்கவோ உரிமை கிடையாது. 1947 நவம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தமும் தளத்தைப் பிரித்தானியர் கையிலேயே விட்டது. 1957 அக்டோபரில் தளம் கைமாறும் வரைக்கும் கொழும்பின் புத்தகத்தில் அதைத் தேடிப் பயனில்லை.

பாதுகாப்பு என்று அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் உள்ளூர்ப் படைகளும், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொண்டர் கடற்படையும், போர்க்காலச் சிவில் பாதுகாப்பும்தான். இவற்றின் தொகையை எடுத்து "திருகோணமலையில் செலவான பணம்" என்று சிலர் எழுதுகிறார்கள். அது முழுப் பிழை.

அடுத்தது, புத்தகம் கட்டப்பட்ட விதம். அதில் மாவட்டம் இல்லை, திணைக்களம்தான் உண்டு. அதனால் திருகோணமலை என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. அப்போது கிழக்கு மாகாணத்துக்கு அரசாங்க அதிபர் மட்டக்களப்பில் இருந்தார், இங்கே இருந்தது உதவி அரசாங்க அதிபர். அவருடைய கச்சேரிச் (நிர்வாக அலுவலகச்) சம்பளம் மாகாண நிர்வாகத் தலைப்புக்குள். கந்தளாய்க் குளத்து வேலை நீர்ப்பாசனத்துக்குள். ஆசுபத்திரியும் மலேரியாவும் மருத்துவத்துக்குள். தெருவும் பாலமும் துறையடிகளும் பி.டபிள்யூ.டி. என்ற பொதுவேலைத் திணைக்களத்துக்குள். ரயில், தபால், சுங்கம் தனித்தனி. நகரசபைக் கணக்கு வேறு புத்தகம். மத்திய அரசு கொடுத்த உதவித்தொகை மட்டும் இங்கே செலவாக வரும். இரண்டையும் கூட்டினால் அந்தத் தொகை இரு தடவை ஏறிவிடும்.

நிதியாண்டு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. 1945–46 என்பதில் 1945இன் கடைசி 3 மாதமும் 1946இன் 9 மாதமும் உண்டு. பட்டியலில் அதை "1945" என்று சுருக்குபவர்கள் ஜப்பான் சரணடைந்த ஆண்டின் செலவாக அதைக் காட்டிவிடுகிறார்கள். உண்மையில் அந்த ஆண்டு முழுவதுமே போருக்குப் பிந்தியது.

ஒரு செலவுக்கு மூன்று எண் இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். ஆண்டு தொடங்கும்போது போட்ட மதிப்பீடு. இடையில் சபை ஒப்புக்கொண்ட குறைநிரப்பு மதிப்பீடு. ஆண்டு முடிந்து கணக்கு மூடியபின் உண்மையில் செலவான தொகை. போரை ஒட்டிய ஆண்டுகளில் முதல் எண்ணுக்கும் மூன்றாவதுக்கும் இடைவெளி பெரிது. சீமெந்தும் இரும்பும் கப்பலில் வந்து சேராததால் வேலைத் தலைப்புகளில் ஒதுக்கிய பணம் மிஞ்சிப்போகும். சம்பளத் தலைப்புகளிலோ வாழ்க்கைச் செலவுப் படி ஏற ஏறக் குறைநிரப்பு வரும். மிச்சத்தைப் பார்த்துச் சிக்கனம் என்று எண்ண வேண்டாம், செய்யவிருந்த வேலை நடக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். எந்தத் தலைப்பில் ஏன் மிஞ்சியது, ஏன் மீறியது என்பதைக் கணக்காய்வாளர் நாயகத்தின் ஆண்டறிக்கையில் தேடுங்கள். மதிப்பீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டாம்.

கடன்நிதியிலிருந்து செய்த வேலைகள் சாதாரணச் செலவுக்குள் வராமல் பின்னிணைப்பில் தனியாகக் கிடக்கும். அவற்றைத் தவற விட்டால் பெரிய கட்டுமானங்கள் நடக்கவே இல்லை என்று தோன்றும்.

பவுண்கணக்கு

மேலே சொன்னது சரி. ஆனால் தளம் புத்தகத்தில் இல்லை என்பதோடு விட்டால் பாதிதான் விளங்கும். தளத்தின் பணம் நாட்டுக்குள் வந்தது, வந்த வழிதான் வேறு.

கடற்படைக்கு இங்கே கூலி கொடுக்க, மரக்கறி வாங்க, கட்டடம் கட்ட ரூபாய் வேண்டும். அவர்களிடம் இருப்பதோ லண்டனில் பவுண். ஒரு ரூபாய் 1 சிலிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். பவுணுக்கு 240 பென்ஸ். ஆகவே பவுண் ஒன்றுக்கு 13 ரூபாய் 33 சதம். உதாரணத்துக்கு இங்கே 1 லட்சம் பவுண் செலவழித்தால், வங்கி வழியாக லண்டனில் அந்தப் பவுண் இலங்கையின் பெயருக்குப் போகும், இங்கே 13,33,333 ரூபாய் புழக்கத்துக்கு வரும். அந்த ரூபாயை வெளியிட்டது நாணயச் சபை. மத்திய வங்கி 1950 ஆகஸ்டில்தான் வந்தது. நாணயச் சபை சொந்த முடிவில் நோட்டு அடிக்கும் அமைப்பல்ல: ஈடு வந்தால் நோட்டு வெளியே போகும், நோட்டு திரும்பினால் ஈடு போகும். அதனால் படைச் செலவு ஏறிய அளவுக்குப் புழக்கமும் தானாகவே ஏறியது. சாமானோ வரவில்லை. விலை ஏறாமல் என்ன செய்யும்? உலோகத் தட்டுப்பாட்டில் 10, 25, 50 சதங்களுக்கும் காகித நோட்டு அடித்தார்கள். 5 சத நோட்டு ஒன்று 2 சதமாகவும் 3 சதமாகவும் கிழித்துப் பயன்படுத்தும்படி துளையிட்டு வந்தது. உங்கள் தொகுப்பில் அதன் படம் ஒன்றைப் போடலாம்.

இப்படி லண்டனில் பவுணாகச் சேர்ந்ததுதான் ஸ்டேர்லிங் சொத்து. போர் முடிந்தபோது நாடு முழுவதற்கும் 100 கோடி ரூபாய்க்கு மேல். இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். "அரசாங்கத்திடம் 100 கோடி மிச்சம் இருந்தது" என்று எழுதுவது தவறு. அதற்குள் பல பங்கு உண்டு. நாணயச் சபை நோட்டுக்கு ஈடாக வைத்திருந்தது ஒன்று. அதைச் செலவழித்தால் நோட்டுக்கு ஈடு இல்லாமல் போகும், ஆகவே நிதிச் செயலாளரால் அதைத் தொட முடியாது. வர்த்தக வங்கிகள் லண்டனில் வைத்திருந்தது இன்னொன்று, அது தோட்டக் கம்பனிகளுடையதும் வியாபாரிகளுடையதும். அரசாங்கத்தின் மீதியும், லண்டனில் வாங்கிய கடனை அடைக்க ஒதுக்கிய நிதியும் மட்டும்தான் வரவுசெலவோடு நேராகத் தொடர்புபடும். அவற்றையும் காலனிகளின் பணத்தை லண்டனில் கவனித்த கிரவுண் ஏஜென்ட்ஸ் பெரும்பாலும் ஸ்டேர்லிங் பத்திரங்களில் போட்டு வைத்திருந்தார்கள்.

பத்திரத்தில் இருக்கும் பணத்துக்கு இரண்டு ஆபத்து. எடுக்க நினைத்தபோது எடுக்க முடியாமல் போகலாம். 1947 ஜூலை 15இல் பவுணை டொலராக மாற்ற விட்டார்கள், ஆகஸ்ட் 20இல் நிறுத்திவிட்டார்கள். 1948இல் பிரித்தானியாவுடன் செய்த உடன்படிக்கையின்படி இலங்கையின் இருப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்தார்கள். மற்றது மதிப்புக் குறைவது. 1949 செப்டம்பரில் பவுண் 4.03 டொலரிலிருந்து 2.80க்கு இறங்கியது. ரூபாயும் கூடவே இறங்கியதால் ரூபாய்க் கணக்கில் ஒன்றும் தெரியாது. டொலரில் பார்த்தால் ஒரு ரூபாய் 30 சென்றிலிருந்து 21 சென்றுக்கு வந்துவிட்டது. போர்க்காலத்தில் சாமான் இல்லாமல் இருந்து சேர்ந்த பணம் அது.

உவர்மலையான்

நன்றி ஐயா, நன்றி அண்ணை. அப்படியானால் இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தளச் செலவு குறையக் குறைய வருமானமும் இறங்க வேண்டும். சுங்கம் ஏறியே இருக்கிறது. நாடு செழித்தது என்று கொள்ளலாமா?

பழைய கச்சேரி

கொள்ள முடியாது. இரண்டு காரணம்.

வருமான வரி பிந்தி வரும் வரி. 1932 சட்டத்தின்படி முந்திய ஆண்டு இலாபத்தின் மேல் அடுத்த ஆண்டு விதிப்பார்கள். மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரலில் தொடங்கும், நிதியாண்டு அக்டோபரில். 1944–45 இலாபத்துக்கு 1945–46இல் விதித்த வரி, விசாரணை, மேன்முறையீடு எல்லாம் முடிந்து கைக்கு வரும்போது போர் முடிந்து வெகுநாள் ஆகியிருக்கும். 1941இல் வந்த மிகை இலாப வரியும் அப்படித்தான், நிலுவை பல ஆண்டு இழுத்தது. 1948இல் இலாப வரி என்று வேறொன்று வந்தது. இரண்டையும் ஒரே வரிசையில் போட்டு ஒப்பிட வேண்டாம், அடிப்படை வேறு. ஆக 1946–47 வருமானத்தில் நீங்கள் பார்ப்பதில் ஒரு பகுதி போர்க்கால இலாபத்தின் வால்.

சுங்கம் அதைவிட ஏமாற்றும். போர்க்காலத்தில் கப்பல் இல்லை, துணி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. கையில் நோட்டு இருந்தது. 1946இலும் 1947இலும் கப்பல்கள் வரத் தொடங்கியதும் எல்லாரும் வாங்கினார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் தீர்வை. சுங்க வருமானம் ஏறியது, அதே வேகத்தில் ஸ்டேர்லிங் இருப்பு கரைந்தது. 1947இல் வீழ்ச்சி மோசம். இறக்குமதித் தீர்வை ஏறிய ஆண்டு என்றால் வெளிநாட்டுச் சொத்தையும் பக்கத்து நிரலில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எதையும் எழுத வேண்டும். ஏற்றுமதித் தீர்வையைத் தனியாகப் பிரியுங்கள். மலாயா விழுந்தபின் நேச நாடுகளுக்கு ரப்பர் கொடுத்த முக்கிய இடம் இலங்கை. தேயிலையும் ரப்பரும் பிரித்தானிய அரசின் மொத்தக் கொள்வனவில் நிச்சயித்த விலைக்குப் போயின. போர் முடிந்ததும் மலாயா ரப்பர் திரும்பி வந்தது. மரத்தையோ அவசரத்தில் வெட்டியிழுத்துப் பால் எடுத்து ஓயவைத்துவிட்டார்கள்.

இனி அரிசி. போருக்கு முன் நாட்டுக்கு வேண்டியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியிலிருந்து வந்தது, அதில் பெரும்பகுதி பர்மா. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானிடம் விழுந்தது, பங்கீட்டுக் கூப்பன் வந்தது. உணவு ஆணையாளர் வெளியிலும் உள்ளூரிலும் வாங்கி, சங்கக்கடைகளுக்கும் (கூட்டுறவுக் கடைகளுக்கும்) அனுமதி பெற்ற கடைகளுக்கும் நிச்சயித்த விலையில் கொடுத்தார். வாங்கும் பணம் நேராக வாக்குப்பணத்தில், அதாவது சபை செலவுக்கென ஒப்புக்கொண்ட தொகையில் ஏறாது. அது முற்பணக் கணக்கில் போகும், விற்ற காசு அதே கணக்குக்குத் திரும்பும். மீண்டு வராத நட்டத்தைத்தான் பிறகு மானியமாகச் செலவெழுதுவார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் உலகச் சந்தை அரிசி விலை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே மதிப்பீடு ஓர் ஊகம். செப்டம்பர் 30ஆம் திகதி களஞ்சியத்தில் கிடந்த அரிசிக்கு என்ன விலை போட்டார்கள் என்பதைப் பொறுத்தும் நட்டம் ஆண்டுக்கு ஆண்டு நகரும். அதனால் மூடிய கணக்கின் தொகையை எடுங்கள். ஒரே ஆண்டை மட்டும் பார்க்காமல் 3 ஆண்டைச் சேர்த்துப் பாருங்கள். முற்பணக் கணக்கின் மொத்தக் கொள்வனவை மானியம் என்று எழுதிவிட வேண்டாம், அது பல மடங்கு பெரிது.

இதில் ஓர் ஆளைக் கவனியுங்கள். முதலில் கணக்காய்வாளர் நாயகம், பிறகு போர்க்காலத்தில் சிவில் பாதுகாப்பு ஆணையாளரும் உணவு ஆணையாளரும், 1945இல் நிதிச் செயலாளர். மூன்றும் சேர் ஒலிவர் குணதிலகதான். முற்பணக் கணக்கின் நெளிவு சுளிவை அவரை விட நன்றாக அறிந்தவர் அந்தச் சபையில் இருந்திருக்க முடியாது. டொனமூர் அமைப்பில், அதாவது 1931 முதல் 1947 வரை இருந்த ஆட்சி முறையில், நிதிச் செயலாளர் தேர்தலில் வந்தவர் அல்ல, சபையில் வாக்கும் கிடையாது. ஆனால் மந்திரிமார் சபையில் உட்கார்ந்து வரவுசெலவைக் கொண்டுவருபவர் அவர். செலவு கேட்பவர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களின் தலைவர்கள், அவர்கள்தான் மந்திரிமார். கேட்பதும் கொடுப்பதும் வேறு வேறு கையில் இருந்ததால் விவாதம் எல்லாம் குழுத் தலைவர்களுக்கும் திறைசேரிக்கும் இடையில்தான் நடந்தது. சபை விவாதப் பதிவான ஹன்சாட்டை இதை மனதில் வைத்துப் படித்தால் யார் ஏன் கோபப்படுகிறார் என்று விளங்கும்.

கிண்ணியாத் துறை

கணக்கு எல்லாம் சரி, தளம் இந்த ஊர் வருமானத்தில் தடம் விடவில்லை என்ற மாதிரித் தொனிக்கிறது, அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். படைகளுக்கு என்று வந்த சரக்குக்குத் தீர்வை இல்லை, சரி. ஆனால் அவர்கள் கொடுத்த கூலியைக் கையில் வாங்கியவன் குடித்தான், ரயில் ஏறினான், மணியோடர் அனுப்பினான். மதுவரியைப் பாருங்கள், ரயிலைப் பாருங்கள், தபாலைப் பாருங்கள். திணைக்கள ஆண்டறிக்கைகளில் நிலையவாரியாகவோ மாவட்டவாரியாகவோ எண் கிடைத்தால் 1944ஐயும் 1947ஐயும் பக்கத்தில் வையுங்கள். 1944 இங்கே உச்சம், பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படை திரும்பி வந்து, ஜப்பானியர் பிடித்திருந்த சுமாத்திராப் பக்கத்துச் சபாங் துறைமுகத்தை அடிக்கக் கிளம்பியது இங்கிருந்துதான். தேசிய மொத்தம் ஏறியிருக்கும்போதே திருகோணமலை எண் இறங்கியிருந்தால் உங்கள் தொகுப்புக்கு அதுதான் செய்தி. கொழும்புப் புத்தகத்தில் அது கலந்து மறைந்துவிடும்.

ரயிலில் ஒரு கவனம். படைப் போக்குவரத்துக் காசு வருமானமாக ஏறியது, எஞ்சினும் தண்டவாளமும் மாற்ற வேண்டியது தள்ளிப்போனது. போர்க்கால ரயில் இலாபத்தில் தேய்மானம் ஒளிந்திருக்கிறது. அந்தச் செலவு 1945க்குப் பிறகு வந்து விழும்போது நிர்வாகம் கெட்டுவிட்டது என்று தோன்றும். ரயிலும் தபாலும் உப்பும் மொத்த வசூலாகவே வருமானப் பக்கத்தில் நிற்கும், நடத்தும் செலவு மறுபக்கத்தில். கழித்துப் பார்க்காமல் வரிகளோடு ஒப்பிடக்கூடாது. நிலாவெளி உப்பு ஞாபகம் வருகிறது: உப்பு அரசின் ஏகபோகம், ஆகவே விற்ற விலைக்குள்ளேயே வரியும் இருக்கும்.

செலவுப் பக்கத்தில் பெரிய தொகைகளையே பார்க்காமல் மருத்துவத் தலைப்பில் மலேரியா நுளம்பைக் கொல்லும் டி.டி.டி. மருந்தைத் தேடுங்கள். 1946இல் தெளிக்கத் தொடங்கினார்கள். நாட்டின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்தது 1947இல் 14 ஆனது. கந்தளாய், தம்பலகாமம் பக்கம் குடியேற்றம் நிலைத்ததற்கு அது இல்லாமல் வழியில்லை. உணவு மானியத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னத் தொகைதான். 1945 அக்டோபரில் தொடங்கிய இலவசக் கல்வி இதற்கு நேர் எதிர். ஆண்டுதோறும் வளரும் செலவு, குறைக்கவே முடியாது.

உவர்மலையான்

நல்லது காக்கா, நிலையவாரி எண்ணைத் தேடிப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று. 1938–39 முதல் 1947–48 வரை ஒரு பட்டியல் போட எண்ணம். ரூபாயிலா, பவுணிலா, தலைக்கு இவ்வளவு என்றா?

பவுண்கணக்கு

ரூபாயில் போடுங்கள். பவுணாக்கினால் விகிதம் மாறாததால் புதிதாக ஒன்றும் தெரியாது. லண்டன் கோப்புகளோடு ஒப்பிடும்போது மட்டும் 13.33ஆல் பெருக்குங்கள். காலனி அலுவலகத்தின் இலங்கைக் கடிதத் தொடர் அங்கே சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கிறது. பழைய கோப்பில் மில்லியன் என்றிருக்கும், நீங்கள் லட்சம் கோடியில் எழுதுவீர்கள். பிழை பெரும்பாலும் இங்கேதான் நுழையும்: 10 மில்லியன் ஒரு கோடி.

விலையேற்றத்துக்கு ஒரு நிரல் கட்டாயம். போருக்கு முந்திய விலையை 100 என்று கொண்ட கொழும்புத் தொழிலாளர் வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் போர் முடியும்போது 200ஐத் தாண்டி நின்றது. அப்படியென்றால் இரட்டித்த செலவு உண்மையில் அசையவே இல்லை. அதுவும் கொழும்பின் எண், கட்டுப்பாட்டு விலையைப் பிடித்த எண். கப்பல் நிறைந்த துறைமுகத்தில் முட்டை என்ன விலை போனது என்று அது சொல்லாது. ஆகவே நாட்டு மொத்தத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், திருகோணமலை நிரலுக்கு வேண்டாம்.

தலைக்கணக்கு வேண்டுமென்றால் 1946 குடிசன மதிப்பீட்டின் 66.57 லட்சத்தை 1945–46க்குப் போடலாம். 1941இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு போரால் நடக்கவில்லை, நடு ஆண்டுகளுக்கு எல்லாம் ஊகம்தான். அந்த நிரலைச் செய்யாமல் விட்டாலும் குறையில்லை.

பழைய கச்சேரி

1947–48ஐப் போடும் முன் ஒன்று. அது வேறு இனம். தேர்தல் ஆகஸ்ட்–செப்டம்பரில் நடந்ததால் அக்டோபர் 1இல் தொடங்கிய ஆண்டுக்கு வரவுசெலவு வந்ததே நவம்பர் 26இல்தான். கொண்டுவந்தவர் நிதிச் செயலாளர் அல்ல, நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தன. தலைப்புகளும் அமைச்சுவாரியாக மாறிவிட்டன, ஏழு குழுக் காலத்துத் தலைப்போடு நேருக்கு நேர் பொருந்தாது. பெப்ரவரி 4ஆம் திகதி அந்த ஆண்டை நடுவில் வெட்டுகிறது: 4 மாதம் காலனி, 8 மாதம் சுதந்திர இலங்கை. உங்கள் தலைப்பு காலனி அரசின் நிதி என்றால் 1946–47 மூடிய கணக்கோடு கோடு போட்டு நிறுத்துங்கள். 1947–48ஐக் கோட்டுக்குக் கீழே தனியாக எழுதி, அது மதிப்பீடா மூடிய கணக்கா என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.